கடைசிப் பெட்டி பதில்கள்: ஹெலிகாப்டர் நின்றால் ஊர் வந்து சேருமா?

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: 'திருச்சியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிப்பவர், படிக்கிற நேரத்திலேயே மணிக்கு 1,640 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார்.' அவ்வளவுதான். தபால்காரர் என்னை முறைக்கும் அளவுக்குக் கடிதங்கள் வந்துவிட்டன. ரயில்வேயில் கார்டாக முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன், அதில் பாதிக்கு மேல் கூட்ஸ் வண்டி. வண்டியின் கடைசியில் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு யோசிக்க நேரம் நிறைய. அந்த யோசனைகளை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது அல்லவா? ஒரு ஹெலிகாப்டரில் ஏறி அப்படியே அந்தரத்தில் நின்றுகொண்டால், கீழே பூமி சுற்றி, நாம் போக வேண்டிய ஊர் தானாக நமக்குக் கீழே வந்து நிற்காதா? பெட்ரோல் மிச்சம்தானே?
— பிளஸ் ஒன் மாணவர், அறந்தாங்கி

தம்பி, உன்னைக் கேலி செய்தவர்கள் யாராவது இருந்தால் இதைக் காட்டு. இந்தக் கேள்விக்கு வயது சுமார் 1,500. ஆரியபட்டர் 499-ல் எழுதிய ஆரியபட்டீயத்தில், படகில் முன்னோக்கிப் போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கிப் போவதுபோலத் தெரிகிற மாதிரி, நிலையாக நிற்கும் நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்றார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் இதை மறுத்தார். பூமி சுற்றுவது உண்மையானால், காலையில் கூட்டை விட்டுப் பறந்த பறவை சாயங்காலம் கூட்டுக்கு எப்படித் திரும்பும் என்று கேட்டார். அவர் பறவையை வைத்த இடத்தில் நீ ஹெலிகாப்டரை வைத்திருக்கிறாய், கேள்வி அதேதான்.

விழுப்புரத்தில் ஒரு கொசு உன் பெட்டிக்குள் ஏறிவிட்டது என்று வை. வண்டி ஓட ஆரம்பித்ததும் அது போய்ப் பின்சுவரில் அப்பிக்கொள்கிறதா? இல்லையே. மயிலாடுதுறை வரைக்கும் உன் காதைச் சுற்றியே பறக்கிறது. பெட்டிக்குள் இருக்கிற காற்று பெட்டியோடு வருகிறது, கொசு அந்தக் காற்றில் பறக்கிறது. பூமிக்கும் அப்படித்தான். காற்று மண்டலம் மொத்தமும் நம்மோடு கிழக்கே வருகிறது. வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? திருச்சியில் எந்நேரமும் கிழக்கிலிருந்து மணிக்கு 1,640 கி.மீ. காற்று அடிக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது காற்று மணிக்கு சுமார் 120 கி.மீ. அதற்கே தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்று உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காற்றை விடு, காற்றே இல்லாவிட்டாலும் நீ நினைப்பது நடக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நிற்காத ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு மெமோ கொடுக்க வேண்டியிருந்தது. காகிதத்தை ஒரு ஜல்லிக்கல்லில் சுற்றிக் கட்டி, பாயின்ட்ஸ்மேன் நேர் எதிரே வந்த கணத்தில் அவர் காலடிக்கு வீசினேன். வண்டி ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனது. பொட்டலம் அவரைத் தாண்டி எட்டு ஒன்பது மீட்டர் தள்ளி, குழாயடித் தண்ணீரில் விழுந்தது. என் கண்ணுக்கு அது நேராகப் பக்கவாட்டில் போய் விழுந்தது. அவர் கண்ணுக்கோ வண்டியோடு ஓடிவந்து விழுந்தது. கையை விட்ட பிறகும் கல் வண்டியின் வேகத்தை விடவில்லை. அன்றைக்கு அவரிடம் வாங்கிய வசவு, பள்ளிக்கூடத்தில் நிலைமம் பற்றிப் படித்ததை விட நன்றாக மனதில் நின்றது. பூமியை விட்டு எழும்புகிற ஹெலிகாப்டரும் 1,640-ஐக் கையோடு எடுத்துக்கொண்டுதான் எழும்புகிறது.

1640-ல் பியர் கசாந்தி என்ற பிரெஞ்சுக்காரர் மார்செய் துறைமுகத்துக்கு வெளியே, வேகமாகத் துடுப்புப் போட்டுப் போகும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கல்லைப் போடச் செய்து பார்த்தார். கல் பின்தங்கிக் கடலில் விழவில்லை, பாய்மரத்தின் அடியிலேயே விழுந்தது. வராகமிகிரர் அந்தக் கப்பலில் இருந்திருக்க வேண்டும்!

ஆட்டோ திரும்பினாலே உடம்பு சாய்கிறது. 1,640 கி.மீ. வேகத்தில் சுற்றினால் தலை சுற்ற வேண்டாமா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

அம்மா, நீங்களே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டீர்கள்: ஆட்டோ 'திரும்பினால்' சாய்கிறது. நேராக, ஒரே வேகத்தில் போனால் சாய்வதில்லை. உடம்புக்கு வேகம் தெரியாது. வேகம் மாறுவதும் திசை மாறுவதும்தான் தெரியும்.

ரயிலில் வளைவு வரும்போது வெளிப்பக்கத் தண்டவாளத்தைச் சற்றே உயர்த்திப் போட்டிருப்பார்கள், 'கேன்ட்' என்போம். எங்கள் கணக்கில் 2 டிகிரி வளைவு என்றால் ஆரம் 875 மீட்டர். அதில் 100 கி.மீ. வேகத்தில் போனால் டம்ளரில் தேநீர் ஒரு பக்கமாக ஏறுவது கண்ணுக்கே தெரியும். பூமி சுற்றுவதும் வளைவுதான், ஆனால் அதன் ஆரம் 6,378 கி.மீ. பூமத்திய ரேகையில் நிற்பவருக்குக் கிடைக்கும் திருப்பத்தை அதே 100 கி.மீ. ரயிலில் உண்டாக்க வேண்டுமானால், 22 கி.மீ.க்கும் அதிக ஆரத்தில் வளைவு போட வேண்டும். அப்படி ஒரு பாதையை டிரைவர், கார்டு யாருமே வளைவு என்று சொல்ல மாட்டார்கள். நேர்ப்பாதை என்றே எழுதிவைப்பார்கள்.

என் மகன் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறான். டெல்லியிலிருந்து அங்கே போகும் விமானம் ஐரோப்பா பக்கம் மேற்கே போகாமல், கிழக்கே பசிபிக்கைக் கடந்து போகிறதாம். பூமி கிழக்கே சுற்றுவதால் மேற்கே போனால்தானே சீக்கிரம்?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

பூமி சுற்றுவதால் நேரடி லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கொசுக் கதைதான். விமானம் காற்றில் பறக்கிறது, காற்று பூமியோடு வருகிறது.

ஆனால் காற்றுக்கென்று தனி ஓட்டமும் உண்டு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது, சில நாட்களில் மணிக்கு 200 கி.மீ.க்கும் மேல். ஏர் இந்தியா 2016 அக்டோபரில் அந்த டெல்லி வண்டியை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடுதல், ஆனால் பயண நேரம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் குறைந்தது. முதுகில் காற்று தள்ளினால் சுற்றுவழியும் குறுக்குவழிதான். அந்த ஜெட் காற்று அப்படிக் கிழக்கே ஓடுவதற்கு பூமியின் சுழற்சியும் ஒரு காரணம். எனவே உங்கள் மகன் பூமி சுற்றுவதன் பலனை அனுபவிக்கத்தான் செய்கிறார், நீங்கள் நினைத்த வழியில் அல்ல.

சார், நானும் உங்கள் டிபார்ட்மென்ட்தான், தண்டவாளப் பராமரிப்பு. பூமி சுற்றுவதால் வண்டி எப்போதும் வலது பக்கம் சாய்ந்து, வலது தண்டவாளம் அதிகம் தேயும் என்று பயிற்சியில் ஒருவர் சொன்னார். உண்மையா?
— ஓய்வுபெற்ற ஊழியர், விருத்தாசலம்

வாங்க சார்! இந்த மாதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி உங்களுடையது. இரண்டு நாள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன், வீட்டில் அரிசி மிஷினுக்குப் போகச் சொன்னதும் மறந்துபோனது.

வலது பக்கம் தள்ளல் இருப்பது உண்மை. ஏன் என்று பாருங்கள். திருச்சி கிழக்கே ஓடுவது 1,640 கி.மீ. வேகத்தில். வடக்கே போகப் போக பூமியின் சுற்றளவு சிறுக்கிறது, அதனால் வேகமும் குறைகிறது. சென்னையில் 1,630, டெல்லியில் சுமார் 1,470. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னையில் ஏறுகிறவர், டெல்லியில் இறங்குவதற்குள் தன் கிழக்கு வேகத்தில் 160 கி.மீ.யை விட்டாக வேண்டும். விடாவிட்டால் வண்டி கிழக்குப் பக்கமாக, அதாவது வலப்பக்கமாக விலகும். விலகாமல் பிடிப்பது தண்டவாளம். ஒன்றரை நாள் பயணத்தில் மெல்ல மெல்ல நடப்பதால் சாப்பாட்டுத் தட்டு கூட அசைவதில்லை.

இனி உங்கள் தேய்மானம். 58 வேகன், மொத்தம் 4,000 டன், 75 கி.மீ. வேகம், திருச்சி அட்சரேகை என்று வைத்துக்கொண்டேன். வலப்பக்கத் தள்ளல் முழு வண்டிக்கும் சேர்த்து சுமார் 230 கிலோ எடைக்குச் சமம். வலப்பக்கச் சக்கரங்கள் 232. ஆக, ஒரு சக்கரத்துக்கு ஒரு கிலோ! அதே சக்கரம் தலையில் சுமப்பது எட்டரை டன். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைச் சாய்த்து வைத்தால் தண்டவாளம் தேயுமா என்பது உங்களுக்கு என்னை விடத் தெரியும். பயிற்சியில் சொன்னவர் தத்துவத்தைச் சரியாகச் சொன்னார், தராசில் வைத்துப் பார்க்கவில்லை.

தராசு என்றதும் இன்னொன்று. இதைத்தான் நான் சர்வீஸில் இருந்தபோது தெரிந்துகொள்ளாமல் போனேனே என்று வருந்துகிறேன். பூமி சுற்றுவதால் நம் எல்லாருக்கும் எடை கொஞ்சம் குறைவாகவே காட்டுகிறது, பூமத்திய ரேகையில் சுமார் 0.35 சதவீதம். வண்டி கிழக்கே ஓடினால் பூமியின் வேகத்தோடு அதன் வேகமும் சேர்கிறது, எடை இன்னும் குறையும். மேற்கே ஓடினால் கழிகிறது, எடை கூடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் கப்பலில் வைத்து ஈர்ப்பு விசையை அளந்தபோது, கப்பலின் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னவர் ஹங்கேரியின் லோராண்ட் ஏட்வாஷ். 1908-ல் கருங்கடலில் ஒரு கப்பலைக் கிழக்கேயும் இன்னொன்றை மேற்கேயும் ஓட்டிப் பார்த்தார்கள். அவர் சொன்னதே சரி.

நம் ஊருக்கு வருவோம். காரைக்கால் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு 4,000 டன் வண்டி மேற்கே வருகிறது. 75 கி.மீ. வேகத்தில் ஓடும்போது, நின்ற இடத்தில் இருந்ததை விட சுமார் 1.2 டன் கூடுதலாக எடை காட்டும். இதே பாரத்தோடு கிழக்கே ஓடினால் 1.2 டன் குறையும். நாமோ பாரத்தோடு மேற்கே வந்து, காலி வேகனோடு கிழக்கே திரும்புகிறோம். அத்தனை வருஷம் எடை கூடுகிற திசையில் சுமந்து, குறைகிற திசையில் வெறுமனே போயிருக்கிறோம், சார். யாரிடம் போய் அலவன்ஸ் கேட்பது?

பூமி சுற்றுவதை நம் கண்ணால் பார்க்க வழி உண்டா? புத்தகத்தில் போட்டிருப்பதால் நம்புகிறேன் என்று சொல்லப் பிடிக்கவில்லை.
— ஆசிரியப் பயிற்சி மாணவி, தென்காசி

நல்ல பிடிவாதம். கூட்ஸ் கார்டுக்கு இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு, அதன் பெயர் லூப் லைன், மெயின் லைனை விட்டு ஒதுங்கி நிற்கிற பக்கத் தண்டவாளம். எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு வழிவிட்டு நடுராத்திரியில் இரண்டு மணி, மூன்று மணி நேரம் நிற்போம். பிரேக் வேன் படியில் உட்கார்ந்து, சிக்னல் கம்பத்தை ஒட்டினாற்போல ஒரு நட்சத்திரத்தைக் குறித்துக்கொள்வேன். தலையை அசைக்காமல் பார்த்தால், 2 நிமிஷத்தில் அது நிலவின் அகலத்துக்கு நகர்ந்துவிடும். ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

ஆனால் உங்களைப் போன்ற பிடிவாதக்காரர் இதை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஸ்டேஷனில் உங்கள் வண்டி நிற்கிறது, பக்கத்து லைன் வண்டி நகர்கிறது. ஒரு கணம் நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று தோன்றுகிறதே, அந்தக் குழப்பம் இங்கேயும் உண்டு. நட்சத்திரம் நகர்கிறதா, கம்பம் நகர்கிறதா? ஆரியபட்டருக்கும் வராகமிகிரருக்கும் நடந்த வழக்கே அது. வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தீர்ப்பை உள்ளேயே தேட வேண்டும். 1851-ல் பாரிஸில் லியோன் ஃபூக்கோ தேடினார். பாந்தியோன் மண்டபத்தின் கூரையிலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டிவிட்டார். ஊசல் தான் ஆடும் தளத்தை மாற்ற விரும்பாது. கீழே தரை திரும்பினால், பார்க்கிற நமக்கு ஊசலின் தளம் மெல்லத் திரும்புவதாகத் தெரியும். திரும்பியது. ஜன்னலே இல்லாத மண்டபத்திலும் திரும்பும், ஒரு நட்சத்திரத்தின் சாட்சியும் தேவையில்லை.

டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் அப்படி ஓர் ஊசல் தொங்குகிறது. அங்கே ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 50 மணி நேரம். வட துருவத்தில் ஒரு நாள் போதும், தெற்கே வர வர நேரம் நீளும். திருச்சியில் கட்டித் தொங்கவிட்டால் 5 நாளும் சில மணி நேரமும். கன்னியாகுமரியில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல். பூமத்திய ரேகையில் திரும்பவே திரும்பாது, ஏனென்றால் அங்கே தரை நம்மைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறதே தவிர, காலடியில் திருகுவதில்லை. உங்கள் தென்காசிக்கு நீங்களே போடுங்கள்: 23.93 மணியை உங்கள் ஊர் அட்சரேகையின் சைன் மதிப்பால் வகுக்க வேண்டும்.

24 என்று எழுதாமல் 23.93 என்று எழுதியது அச்சுப் பிழை இல்லை. பூமி தன்னை ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிஷம் 4 விநாடிதான் ஆகிறது. அதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையில் கிட்டத்தட்ட ஒரு டிகிரி நகர்ந்துவிடுவதால், சூரியனை மறுபடி நேருக்கு நேர் பிடிக்க இன்னும் 4 நிமிஷம் திரும்ப வேண்டியிருக்கிறது. எனவே நட்சத்திரங்கள் தினம் 4 நிமிஷம் முன்னதாக உதிக்கும், மாதத்துக்கு 2 மணி நேரம். ஐப்பசியில் ராத்திரி பத்து மணிக்குக் கார்த்திகைக் கூட்டத்தை எங்கே பார்த்தேனோ, கார்த்திகை மாதத்தில் அதே இடத்தில் எட்டு மணிக்கே வந்து நிற்கும். எங்கள் வண்டிகளில் முன்னதாக வந்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

ராக்கெட்டை ஏன் ஸ்ரீஹரிகோட்டாவில் கடல் பக்கமாகவே விடுகிறார்கள்? இப்போது குலசேகரன்பட்டினம் எதற்கு?
— மீன் வியாபாரி, திருச்செந்தூர்

கடல் பக்கம் விட்டால் விழுவது யார் தலையிலும் விழாது, அது முதல் காரணம். இரண்டாவது, நம் கடல் கிழக்கே இருப்பது. நான் வீசிய மெமோ பொட்டலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற வண்டியிலிருந்து முன்பக்கமாக எறிந்தால் வண்டியின் வேகம் இலவசம். ஸ்ரீஹரிகோட்டாவில் பூமி கொடுக்கும் இலவசம் விநாடிக்குச் சுமார் 450 மீட்டர். பூமியைச் சுற்றிவர விநாடிக்குச் சுமார் 7.8 கி.மீ. வேண்டும் என்பதால், சின்னத் தள்ளுபடிதான். ஆனாலும் எரிபொருளில் பார்த்தால் பெரிய காசு. இஸ்ரேலுக்குக் கிழக்கே அண்டை நாடுகள், மேற்கே கடல். அதனால் அவர்கள் பூமியின் ஓட்டத்துக்கு எதிராக மேற்கே விடுகிறார்கள், தள்ளுபடி போய்க் கூடுதல் செலவு.

குலசேகரன்பட்டினம் வேறு கணக்கு. துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோளை வடக்கு தெற்காக விட வேண்டும், கிழக்கு வேகத்தால் அதற்குப் பயனில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் வழியில் இலங்கை. அதைச் சுற்றி வளைந்து போக எரிபொருள் வீணாகும், சின்ன ராக்கெட்டுக்கு அது தாங்காது. உங்கள் ஊர்க் கரையிலிருந்து தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை தண்ணீர்தான். அதனால்தான் 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டினார்கள்.

பூமி திடீரென்று நின்றுவிட்டால்?
— ஆறாம் வகுப்பு மாணவன், ஊர் எழுதவில்லை

ஓடுகிற வண்டியில் அபாயச் சங்கிலியை இழுத்தால் மேல் பெர்த் பெட்டி என்ன ஆகுமோ அதுவே, 1,640 வேகத்தில், எல்லாருக்கும், கிழக்கே பார்த்து. ராத்திரி இதை நினைத்துத் தூங்காமல் இருக்காதே. அப்படி நிறுத்தக்கூடிய பிரேக் எங்கும் கிடையாது. நிலவு இழுப்பதால் ஒரு நாளின் நீளம் நூறு வருஷத்துக்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு போலக் கூடுகிறது, அவ்வளவே.

வந்தே பாரத்தில் மேற்கே போய்க்கொண்டே இருந்தால் சூரியன் அஸ்தமிக்காமல் நிறுத்தி வைக்கலாமா?
— கல்லூரி மாணவர், சேலம்

சேலத்தில் முடியாது, அங்கே சூரியனைப் பிடிக்க மணிக்கு 1,630 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். 1973 ஜூன் 30 அன்று கான்கார்ட் விமானத்தில் ஆப்பிரிக்காவுக்கு மேலே கிரகண நிழலைத் துரத்திப் போன விஞ்ஞானிகள், தரையில் நிற்பவருக்குச் சில நிமிஷமே கிடைக்கிற முழு கிரகணத்தை 74 நிமிஷம் பார்த்தார்கள். கான்கார்டால் முடிந்தது, காரணம் அது ஒலியை விட இரு மடங்கு வேகத்தில் பறந்தது.

வந்தே பாரத் 130-ல் ஓடுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டேன். வட துருவத்திலிருந்து சுமார் 500 கி.மீ. தள்ளி, பூமியைச் சுற்றி வட்டமாகத் தண்டவாளம் போட்டால் சரியாக வரும். அங்கே பூமியின் சுழற்சி வேகமும் 130-தான். அங்கே கோடையில் நீங்கள் ஓடாவிட்டாலும் சூரியன் மறையாது, குளிர்காலத்தில் ஓடினாலும் உதிக்காது என்பது வேறு விஷயம். ஆனால் டைம்டேபிளைப் பாருங்கள்: பகல் 12 மணிக்குக் கிளம்புகிற வண்டி, அடுத்த ஸ்டேஷனுக்கு அந்த ஊர் சூரிய நேரப்படி 12 மணிக்கே போய்ச் சேரும். அதற்கடுத்த ஸ்டேஷனுக்கும் 12. கார்டு ஜர்னலில் நேரக் கட்டம் பூராவும் 12 என்றே எழுதிக்கொண்டு போகலாம். தேதியை மட்டும் சர்வதேசத் தேதிக்கோடு தாண்டும்போது மறக்காமல் மாற்ற வேண்டும்.